லாரி டிரைவருக்கும் ஓனருக்கும் கணக்குத் தகராறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது தமிழ்நாட்டில் சம்பளத்துக்கு லாரி, டிரெய்லர், டேங்கர் ஓட்டுபவர்களுக்கானது. சொந்த வண்டியைத் தானே ஓட்டுபவர்களுக்கு இதில் பாதிகூடப் பொருந்தாது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் உட்பட 29 பழைய சட்டங்களின் இடத்தைப் பிடித்துவிட்டன. மனு கொடுக்கப் போகும் இடம் மட்டும் மாறவில்லை, அதே தொழிலாளர் துறைதான்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எதுவும் தரவில்லை. இந்த கம்பெனி டிரைவர்தான் என்று எப்படி நிரூபிப்பது?

பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே படுத்துவிடுகின்றன. "இவர் யாரென்றே தெரியாது, எப்போதாவது ஆக்டிங் டிரைவராக வருவார்" என்று ஓனர் தரப்பில் ஒரு வரி சொன்னால் போதும், மறுக்கக் கையில் ஒன்றும் இருக்காது.

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் என்றால் பணி நியமனக் கடிதம் தர வேண்டியது இப்போது சட்டக் கடமை. தரவில்லை என்றால் மூன்றாம் ஆள் எழுதிய காகிதங்களைச் சேருங்கள். அதில் முதலிடம் லோடு ஏற்றும், இறக்கும் தொழிற்சாலைகளின் கேட் பாஸுக்கு. அதில் வண்டி எண்ணுடன் உங்கள் பெயரும் லைசென்ஸ் எண்ணும் இருக்கும், எழுதியவருக்கு உங்கள் தகராறில் எந்த அக்கறையும் இல்லை. அடுத்தது லாரி ரசீது, எடை மேடைச் சீட்டு, வண்டி எண் போட்ட டீசல் பில், உங்கள் பெயரில் வந்த இ-சலான். ஓனர் கூகுள் பேயில் அனுப்பிய 500 ரூபாயும் சாட்சிதான். அதனால் அட்வான்ஸை ரொக்கமாக வாங்குவதைவிடக் கணக்கில் வாங்குவது நல்லது.

வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து இமெயிலில் போட்டு வையுங்கள், பழைய போனையும் தூக்கிப் போடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்தைத் தாக்கல் செய்யும்போது 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள். அதில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று எழுத வேண்டும்.

சம்பளம் 6,000, மீதியெல்லாம் பேட்டா என்கிறார்கள். மொத்தம் கைக்கு வருகிறதே, இதில் என்ன நஷ்டம்?

மாதாமாதம் தெரியாது. கை கால் போனால், அல்லது வேலையை விட்டுப் போகும்போது தெரியும். விடுப்புச் சம்பளம், பணிக்கொடை, பிஎஃப், விபத்து இழப்பீடு எல்லாமே "ஊதியம்" என்ற தலைப்பில் இருக்கும் தொகையை வைத்துத்தான் கணக்காகும்.

40 வயது டிரைவர் ஒருவர் பணியில் இறந்துவிட்டால், ஊழியர் இழப்பீட்டுக் கணக்கு இது: மாத ஊதியத்தில் 50 சதவீதம், அதை வயதுக்கான காரணி 184.17-ஆல் பெருக்க வேண்டும். ஊதியம் 6,000 என்றால் 3,000 × 184.17 = 5,52,510 ரூபாய். ஊதியம் 15,000 என்று நிரூபித்தால் 7,500 × 184.17 = 13,81,275 ரூபாய். ஒரே ஆள், ஒரே விபத்து, 8 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். (2020 ஜனவரியில் வந்த அறிவிப்புப்படி, ஊதியம் எவ்வளவு கூட இருந்தாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுப்பார்கள்.)

வழியில் சாப்பாடு, குளியல், பார்க்கிங் போன்ற செலவுக்குக் கொடுப்பது பேட்டா. கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு என்று செலவைப் பார்க்காமல் தருவது உழைப்புக்கான கூலி. பெயர் எதுவாக இருந்தாலும் அதை ஊதியம் என்று வாதாடலாம். ஊதியச் சட்டத் தொகுப்பு இன்னொரு கதவையும் திறந்திருக்கிறது: ஊதியம் அல்லாத படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேரும். சம்பளம் 6,000, பேட்டா 19,000, மொத்தம் 25,000 என்றால் பாதி 12,500. பேட்டாவில் கூடுதலாக நிற்கும் 6,500 ஊதியத்துக்குப் போகும், ஊதியம் 12,500 ஆகும். அது போக, அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்பளம் இருந்தால் அதுவே தனிப் புகார்.

சம்பளம் எந்தத் தேதிக்குள் வர வேண்டும்?

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும். "பார்ட்டி பில் பாஸ் ஆகவில்லை" என்பது ஓனருக்கும் பார்ட்டிக்கும் (சரக்குக்காரருக்கும்) உள்ள விஷயம், உங்கள் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மைலேஜ் வரவில்லை என்று டீசல் காசைப் பிடிக்கிறார்கள். கேட்க முடியுமா?

கேட்கலாம், ஆனால் கணக்கோடு கேட்க வேண்டும். "வண்டி இழுக்கல சார்" என்றால் எடுபடாது.

1,200 கிலோமீட்டர் டிரிப்புக்கு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்தால் 300 லிட்டர். ஓடியது 3.7 என்றால் 324 லிட்டருக்கு மேல் போயிருக்கும். அந்த 24 லிட்டரைத்தான் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். இதில் தவறு புகும் இடங்கள் பல.

முதலாவது, டேங்கை எப்படி நிரப்பினார்கள் என்பது. புறப்படும்போதும் திரும்பும்போதும் ஒரே பங்கில், சமதளத்தில், வாய் வரை நிரப்பினால்தான் கணக்கு சரி. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் பெரிய டேங்கில் பல லிட்டர் வித்தியாசம் வரும். இரண்டாவது, கிலோமீட்டர் எங்கிருந்து எடுத்தார்கள் என்பது. ஓடோமீட்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒத்துப்போகாது. டிரைவ் ஆக்ஸிலில் தேய்ந்த டயர் இருந்தால் அதன் சுற்றளவு குறைவு, ஓடோமீட்டர் உண்மையைவிடச் சற்றுக் கூடக் காட்டும். புது டயர் மாட்டினால் குறைத்துக் காட்டும். இரண்டுக்கும் இடையே 2 சதவீதம் போல வரும், அதாவது 1,200-இல் 24 கிலோமீட்டர். மாதத்துக்கு மாதம் ஓனர் தனக்குச் சாதகமான அளவை மாற்றி எடுத்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

மூன்றாவது, லோடு. 4 என்ற அளவு எந்த எடைக்கு, எந்த ரூட்டுக்கு வைத்தது? மலை ஏறும் பாதை, தொழிற்சாலை வாசலில் இன்ஜினை அணைக்காமல் நகர்ந்த வரிசை, படபடவென்று அடிக்கும் தளர்ந்த தார்ப்பாய், காற்றுக் குறைந்த டயர், அடைத்த ஏர் ஃபில்டர், பிஎஸ்6 வண்டியில் யூரியா சிஸ்டம் கோளாறாகி இன்ஜின் சக்தி குறைந்தது, எல்லாமே டீசல் குடிக்கும். ஏசி கேபின் வண்டிகள் பெருகிவிட்டன. பழைய வண்டியின் மைலேஜை அவற்றுக்கு அப்படியே வைப்பதும் சரியில்லை.

எனவே ஒவ்வொரு டிரிப்புக்கும் மூன்று படம் போதும்: புறப்படும்போது ஓடோமீட்டர், ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் பங்க் மீட்டரும் பில்லும், திரும்பியதும் ஓடோமீட்டர். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அன்றே படம் எடுத்து ஓனருக்கு அனுப்புங்கள். பத்து நாள் கழித்துச் சொன்னால் சாக்காகத்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், சேதம், நஷ்டம் என்று பிடிக்க வேண்டுமானால் அது தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும், பிடிப்பதற்கு முன் அவர் விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக்கூடாது. மைலேஜ் பட்டியலைக் காட்டித் தானாகக் கழிப்பது இந்த மூன்றில் எதையும் நிறைவேற்றுவதில்லை. டீசலை இறக்கி விற்றதாக நிரூபித்தால் கதை வேறு, அதற்கு இந்தப் பக்கத்தில் உதவி இல்லை.

சரக்கு எடை குறைந்ததற்கு நான் பொறுப்பா?

2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு அனுப்பியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புக்கிங் எடுத்த டிரான்ஸ்போர்ட்தான். அதை உங்கள் தலையில் இறக்க வேண்டுமென்றால் உங்கள் தவறை அவர் காட்ட வேண்டும்.

ஏற்றிய இடத்துச் சீட்டிலும் இறக்கிய இடத்துச் சீட்டிலும் வெறும் எடை (காலி வண்டி எடை), மொத்த எடை, நிகர எடை மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு இடத்திலும் வெறும் எடையைத் தனியாகப் போட்டிருந்தால் நிகர எடையை நேராக ஒப்பிடலாம். பல இடங்களில் மொத்த எடையை மட்டும் ஒப்பிட்டு "200 கிலோ ஷார்டேஜ்" என்பார்கள். வழியில் 240 லிட்டர் டீசல் எரிந்திருந்தால் அதுவே ஏறத்தாழ 200 கிலோ. ஈரமான நிலக்கரி, மணல், தானியம் வழியில் காய்ந்து எடை குறையும். இரண்டு எடை மேடைகளுக்குள்ளேயும் வித்தியாசம் இருக்கும்.

சீல் போட்ட கன்டெய்னர், டேங்கர் என்றால் சீல் எண்ணைப் படம் எடுங்கள். இறக்கும் இடத்தில் அதே சீல் உடையாமல் இருப்பதை அவர்கள் கண்முன் இன்னொரு படம். உள்ளே குறைந்தால் ஏற்றும்போதே குறைந்தது என்றுதான் பொருள். ரசீதில் "சரக்கு சேதம்" என்று பார்ட்டி எழுதும்போது எத்தனை மூட்டை, என்ன சேதம் என்று எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாத குறிப்பு பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் ஊதும்.

அபராதம், டயர், டோல் என்று மொத்தச் சம்பளமும் போய்விட்டது. இதற்கு எல்லை கிடையாதா?

உண்டு. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் போடும் அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, எந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், 90 நாளுக்குப் பிறகு வசூலிக்கவும் முடியாது. 15,000 ஊதியத்தில் 3 சதவீதம் 450 ரூபாய். "லேட்டாகப் போனதற்கு 5,000" என்று ஒரு வரி டிரிப் ஷீட்டில் இருந்தால் அது அப்படியே சட்டவிரோதம்.

ஃபாஸ்டேகில் பணம் இல்லாமல் கூடுதலாகக் கட்டியது ஓனர் செலவு. ரீசார்ஜ் செய்யும் கணக்கு அவரிடம்தான் இருக்கிறது. 2025 நவம்பர் 15 முதல், செல்லும் ஃபாஸ்டேக் இல்லாத வண்டி ரொக்கமாகக் கட்டினால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் 1.25 மடங்கு. வேறு வழியில்லை என்றால் யுபிஐயில் கட்டுங்கள், செலவும் குறையும், பதிவும் இருக்கும். எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பர்மிட் காலாவதிக்கான அபராதமும் ஓனருடையதுதான். வேகம், சிக்னல், போன் பேசியது ஆகியவை உங்களுடையவை.

தேய்ந்த டயர் வெடித்தால் காசு கேட்பது பரவலாக நடக்கிறது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு வண்டியைச் சாலையில் விடுவதே விதிமீறல். கிளம்பும் முன் டயரைப் படம் எடுத்து அனுப்பியவரிடம் யாரும் காசு கேட்பதில்லை.

ஓவர்லோடு ஏற்ற மாட்டேன் என்றால் வேலை போய்விடும். ஏற்றினால் கேஸ். என்ன செய்வது?

பத்துச் சக்கர லாரிக்கு மொத்த எடை 28.5 டன். 33.5 டன்னோடு பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவுப்படி 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 வீதம் 10,000, ஆக 30,000. அதிகச் சரக்கை இறக்கும் கூலி தனி. எடை போடாமல் ஓடினால் 40,000. பணத்தைவிடப் பெரியது லைசென்ஸ்: ஓவர்லோடுக்கு மூன்று மாதமாவது லைசென்ஸை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. வண்டி வேறு டிரைவரோடு மறுநாளே ஓடும், நீங்கள் மூன்று மாதம் வீட்டில் இருப்பீர்கள்.

அந்தப் பிரிவு ஓட்டியவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைத்தவரையும் அனுமதித்தவரையும் சேர்த்தே சொல்கிறது. 113(4)-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், டிரைவர் ஓனராக இல்லாதபோது, ஓனருக்குத் தெரிந்தே, அவர் சொல்லித்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கிறது. எனவே எடைச் சீட்டைப் படம் எடுத்து, "அனுமதி 28.5 டன், ஏற்றியது 33.5 டன், எடுக்கவா?" என்று ஒரு வரி அனுப்புங்கள். பதில் வந்தால் அது ஆதாரம். பதிலுக்குப் போன் வந்தால், பேசி முடித்ததும் "நீங்கள் போனில் எடுக்கச் சொன்னபடி கிளம்புகிறேன்" என்று நீங்களே எழுதிவிடுங்கள். இது வழக்கிலிருந்து விடுவிக்காது. அபராதத்தைச் சம்பளத்தில் பிடிப்பதைத் தடுக்கும்.

பிரேக் பிடிக்கவில்லை, ஸ்டீயரிங் ஆட்டம் என்ற நிலையில் ஓட்டச் சொன்னாலும் இதே வழிதான். கோளாறு தெரிந்தே ஓட்டுபவர், ஓட்ட வைப்பவர் இருவருக்கும் 190-ஆம் பிரிவு.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம்? இ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) முடியுது, விடாமல் வா என்கிறார்கள்.

நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் போனால் இரட்டைக் கூலி. நீண்ட தூர ரூட்டுக்குக்கூடப் பழைய மோட்டார் தொழிலாளர் சட்டம் அனுமதியோடு நாளைக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரைதான் விட்டது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்பதும் அதில் இருந்ததுதான். லோடு லாரி சராசரி 45 கிலோமீட்டர் வேகம் என்றால் 8 மணிக்கு 360 கிலோமீட்டர். ஒற்றை டிரைவரை 600 வரச் சொன்னால் 13 மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங்கில் இருக்கச் சொல்கிறார் என்று பொருள்.

இ-வே பில் சாக்கு பெரும்பாலும் நிற்காது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் 1,100 கிலோமீட்டருக்கு 6 நாள் கிடைக்கும். முதல் நாள் முடிவது, பில் போட்ட தேதிக்கு அடுத்த நாள் நள்ளிரவில்தான். விபத்து, பழுது என்று தாமதமானால் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸே நீட்டிக்கலாம். அதைச் செய்ய வேண்டியது ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் இருப்பவர். வண்டி நின்றதும் இடம், காரணம், நேரம் மூன்றையும் அனுப்புவதோடு டிரைவர் வேலை முடிந்தது.

இறக்க மூன்று நாள் காத்திருந்தேன். ஹால்டிங் காசு ஓனர் வாங்கிக்கொண்டு எனக்குத் தரவில்லை.

ஹால்டிங் வாடகை வண்டிக்கானது, அதில் பங்கு உண்டு என்று சட்டம் இல்லை. ஒப்பந்தம் இருந்தால்தான் கேட்கலாம். ஆனால் காத்திருந்த நாளுக்கு உங்கள் சம்பளத்தை வெட்ட முடியாது. வரிசை நகரும்போதெல்லாம் வண்டியை நகர்த்த வேண்டியிருந்தால் அது ஓய்வு நேரமும் அல்ல. டோக்கன் எண்ணும் உள்ளே போன, வெளியே வந்த நேரமும் கேட் பாஸில் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரிப் கணக்கு என்று மட்டும் சம்பளம் பேசியிருந்தால், 24 மணி தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று வேலைக்குச் சேரும்போதே வாட்ஸ்அப்பில் பேசி முடிப்பதுதான் வழி.

ஓனர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட செக்கும் அவரிடம் இருக்கிறது.

லைசென்ஸைக் கைப்பற்றும் அதிகாரம் சீருடைப் போலீசுக்கும் ஆர்டிஓவுக்கும்தான், அவர்களும் ரசீது தர வேண்டும். ஓனருக்கு அந்த உரிமை எந்தச் சட்டத்திலும் இல்லை. முதலில், "எனது அசல் லைசென்ஸை 7 நாளில் திருப்பித் தரவும்" என்று டெலிவரிச் சான்று கேட்டுப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். வரவில்லை என்றால் அந்த நகலோடு காவல் நிலையத்தில் புகார், மனு ஏற்புச் சான்று கட்டாயம் வாங்குங்கள். இதற்கிடையில் டிஜிலாக்கரில் உள்ள லைசென்ஸ் அசலுக்குச் சமம், செக்போஸ்டில் அதைக் காட்டலாம். ஓனரிடம் இருப்பது தெரிந்திருந்தும் "தொலைந்துவிட்டது" என்று எழுதி டூப்ளிகேட் வாங்காதீர்கள். அது பொய் வாக்குமூலம், அவர் கைக்கு ஆயுதம்.

வெற்றுச் செக் என்றால், எந்தச் சூழலில் கொடுத்தீர்கள், எந்தக் கடனும் இல்லை என்று தேதியோடு பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, வங்கிக்கும் செக் எண்ணை எழுதிக் கொடுங்கள். செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய முட்டாள்தனம்.

50,000 அட்வான்ஸ் வாங்கினேன். அதைக் கட்டும் வரை வேறு வண்டி ஓட்டக்கூடாது என்கிறார்.

கடனைத் திருப்பித் தர வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். புகார் கலெக்டரிடம் அல்லது சப்-கலெக்டரிடம். மாதம் எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று ஒவ்வொரு செட்டில்மென்டிலும் எழுதி வாங்குங்கள். அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலும் 50,000-இல் சண்டை இருக்காது, கழித்ததை எழுதாததில்தான் இருக்கும்.

விபத்தில் டிரைவருக்கோ கிளீனருக்கோ அடிபட்டால் யார் தருவார்கள்?

ஓனர், அவருக்காக இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் ஓனருக்கும் இது பொருந்தும், ஆள் எண்ணிக்கை வரம்பு கிடையாது. தவறு யாருடையது என்ற கேள்வியும் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நீங்களே மரத்தில் மோதினாலும் இழப்பீடு உண்டு. குடித்திருந்தால் சாதாரணக் காயத்துக்குக் கிடைக்காது. மரணம், நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்கு அந்தத் தடையும் இல்லை.

பாலிசி நகலை இப்போதே வாங்கிப் பாருங்கள். "ஓட்டுநர், கிளீனர் சட்டப் பொறுப்பு" என்ற வரியில் எத்தனை பேருக்கு பிரீமியம் கட்டியிருக்கிறது என்று இருக்கும். ஆளுக்கு 50 ரூபாய் போன்ற சின்னத் தொகைதான், அதையும் மிச்சம் பிடிக்கும் ஓனர்கள் உண்டு. பக்கத்திலேயே இருக்கும் "15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட்" வரியைப் பார்த்து நம்பி ஏமாறாதீர்கள். அது வண்டியை ஓட்டும் ஓனருக்கானது, சம்பள டிரைவருக்கு அல்ல.

நிரந்தர முழு ஊனத்துக்கு ஊதியத்தில் 60 சதவீதத்தைக் காரணியால் பெருக்குவார்கள். 30 வயதுக்குக் காரணி 207.98, 35-க்கு 197.06, 50-க்கு 153.09. மருத்துவச் செலவு தனியாகத் திரும்பக் கிடைக்கும், ஒவ்வொரு பில்லும் வேண்டும். விபத்து நடந்த 2 வருடத்துக்குள் மனு. தொழிலாளர் துணை ஆணையர் முன் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். எதிர் வண்டியின் தவறு தெளிவாக இருந்தால் தீர்ப்பாயத்தில் தொகை கூடுதலாக வரும், தன் தவறு என்றால் துணை ஆணையர்தான் சரியான இடம். இஎஸ்ஐ உள்ளவர்களுக்கு ஓனரிடம் இந்த இழப்பீடு கேட்க முடியாது, இஎஸ்ஐயே தரும்.

டிரைவர் இறந்த வீட்டில் நடக்கும் ஒரு விஷயம்: காரியம் முடிவதற்குள் ஓனர் தரப்பில் வந்து ஒரு லட்சம் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று மனைவியிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதம் செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும், மூன்று மாத ஊதியம் வரையான முன்பணம் தவிர, வீட்டில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. கையெழுத்துப் போட்டிருந்தாலும் மனு போடலாம்.

கேபினில் மாரடைப்பால் இறந்தவருக்கும் வழி உண்டு. வேலைப்பளுவுக்கும் மரணத்துக்கும் தொடர்பு காட்ட வேண்டும். அதற்கு முதல் ஆதாரம் பிரேதப் பரிசோதனை அறிக்கை. "அறுக்க வேண்டாம்" என்று குடும்பமே எழுதிக் கொடுத்துவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். கடைசி மூன்று நாள் டோல் நேரங்கள் அடுத்த ஆதாரம்.

உடனடிச் சிகிச்சைக்கு, 2025 மே மாதம் வந்த மத்தியத் திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு 7 நாள் வரை 1.5 லட்சம் ரூபாய் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. நெடுஞ்சாலையில் உதவிக்கு அழைக்க 1033.

விபத்துக்குப் பிறகு "வேறு டிரைவர் பெயரில் கேஸ் போடலாம்" என்கிறார் ஓனர். அல்லது, நான் ஓட்டாத வண்டியின் கேஸை என் பெயரில் ஏற்கச் சொல்கிறார்.

இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை அல்லது காலாவதி என்பதால்தான் பெரும்பாலும் இந்த யோசனை வரும். டோல் கேமராவும் செல்போன் டவரும் பொய்யைக் காட்டிக்கொடுத்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும், பொய்ச் சாட்சி வழக்கு ஆள் மாறியவர் மேல் வரும். கவனக்குறைவால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிணையில் விடக்கூடிய குற்றம், தண்டனை 5 வருடம் வரை. தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 வருடம் வரை சொல்லும் 106(2), 2024 ஜனவரி டிரைவர்கள் போராட்டத்துக்குப் பின், சட்டம் அமலுக்கு வந்தபோது நிறுத்தி வைக்கப்பட்டது. கூட்டம் அடிக்க வந்தால் அங்கிருந்து விலகலாம், ஆனால் பக்கத்து ஸ்டேஷனில் உடனே, அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும்.

கோபத்தில் வண்டியை வழியில் விட்டுவிட்டு வந்துவிடலாமா?

வேண்டாம். சம்பளப் பாக்கி இருந்தவர் மேல் நம்பிக்கை மோசடிப் புகார் வருவது இப்படித்தான். அதன் பிறகு பேச்சு முழுக்கச் சரக்கைப் பற்றியே இருக்கும், சம்பளம் மறந்துபோகும். விடுவதென்றால் லோடு இறக்கி, ஓனரின் ஆபீஸிலோ அவர் சொல்லும் ஆளிடமோ ஒப்படையுங்கள். ஓடோமீட்டர், டீசல் அளவு, டயர் எண்கள், ஸ்டெப்னி, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, ஆர்சி, பர்மிட், கையிருப்புப் பணம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ, அதை அப்போதே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

காரணம் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்பு என்று அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் ஊதியம். நீக்கத்தை எதிர்க்க, சமரச அலுவலரான தொழிலாளர் உதவி ஆணையரிடம் மனு கொடுங்கள். 45 நாளில் தீராவிட்டால் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். புதிய தொகுப்பில் காலக்கெடு 2 வருடம், பழைய சட்டத்தில் 3 இருந்தது. "நீயே நின்றுவிட்டாய்" என்பதுதான் வழக்கமான பதில். அதற்கு, நிறுத்திய வாரத்திலேயே "வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன், வண்டி தரவும்" என்று பதிவு செய்த ஸ்பீட் போஸ்ட் அனுப்பியிருந்தால் போதும். 5 வருடம் முடித்திருந்தால் பணிக்கொடையும் கேளுங்கள்: கடைசி ஊதியம் × 15 ÷ 26 × வருடங்கள். 18,000 ஊதியத்தில் 8 வருடத்துக்கு 83,077 ரூபாய்.

பிஎஃப், இஎஸ்ஐ எனக்கு உண்டா?

20 பேர் இருந்தால் பிஎஃப், 10 பேர் இருந்தால் இஎஸ்ஐ (ஊதியம் 21,000 வரை). சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதும் நடக்கிறது. உமாங் செயலியில் யுஏஎன் (உங்கள் பிஎஃப் அடையாள எண்) போட்டு பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பாருங்கள். பத்து லாரியை மனைவி, தம்பி, மைத்துனர் பெயரில் பிரித்து வைத்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுவது பழைய தந்திரம். ஒரே ஆபீஸ், ஒரே மேனேஜர், ஒரே கணக்கிலிருந்து பணம் என்று காட்டினால் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். இரண்டும் இல்லாதவர்கள் தமிழ்நாட்டு அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்திலும் இ-ஷ்ரம் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் பதியுங்கள்.

சம்பளப் பாக்கிக்கு மனு எப்படி எழுதுவது?

தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம், மாவட்டத் தலைநகரில் இருக்கும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஓனர் பெயர், நிறுவன முகவரி, வண்டி எண்கள், சேர்ந்த தேதி, பேசிய சம்பளம், மாதவாரியாக வர வேண்டியது, வந்தது, பாக்கி என்று ஒரு அட்டவணை. திட்டியது, அவமானப்படுத்தியது எல்லாம் கடைசியில் இரண்டு வரி. மூன்று பிரதி: ஒன்று அவர்களுக்கு, ஒன்று ஓனருக்கு, ஒன்றில் சீல் வாங்கி உங்களுக்கு.

காலக்கெடு 3 வருடம், பழைய சட்டத்தில் 12 மாதம்தான் இருந்தது. சம்பளம் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு ஓனருடையது. சேர வேண்டிய தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க இடமுண்டு. நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனால் மனுவில் கேட்கத் தவறாதீர்கள். முதல் விசாரணையில் ஓனர் பாதித் தொகைக்குப் பேரம் பேசுவார். ஒத்துக்கொள்வதென்றால் அங்கேயே, அலுவலர் முன், வங்கிக் கணக்கில் வாங்குங்கள். "வெளியே போய்த் தருகிறேன், மனுவை வாபஸ் வாங்கு" என்றால் பணம் கணக்கில் ஏறும் வரை வாபஸ் கையெழுத்து வேண்டாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை.

சம்பள மனுவுக்கு வக்கீல் தேவையில்லை. இழப்பீடு, தீர்ப்பாயம் என்று போனால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், தொழிலாளி என்ற தகுதியே போதும். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், தொலைபேசி 15100. போகும்போது ஆதார், லைசென்ஸ் நகல், பாலிசி நகல், ஆர்சி நகல், வங்கிக் கணக்கு விவரத்தின் கடைசி 12 மாதப் பிரிண்ட், தேதி வரிசையில் அடுக்கிய டிரிப் காகிதங்கள். வெப்பக் காகிதத்தில் வரும் டோல், டீசல் பில்கள் சில மாதத்தில் வெளுத்துவிடும், அவற்றை முதலில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.